சிவப்புக்கு மதிப்பெண்

1944-ஆம் ஆண்டில், உலக மகாயுத்தம் இன்னும் ஓயாதிருந்த வேளையில், அமெரிக்க மருந்தியல் சஞ்சிகை ஒன்றில் பதினான்கே பக்கங்கள் கொண்ட ஒரு கட்டுரை வெளியாயிற்று. ஜான் ட்ரெய்ஸ், ஜெஃப்ரி உட்வார்ட், ஹெர்பர்ட் கால்வெரி என்னும் மூவர் சேர்ந்து எழுதியது அது. மூவரும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் உத்தியோகம் பார்த்த விஞ்ஞானிகள். தோலின் மீதும் கண் முதலிய மென்சவ்வுகளின் மீதும் படுகின்ற வஸ்துக்கள் எவ்வளவு எரிச்சலையும் நச்சையும் உண்டாக்குகின்றன என்று ஆராய்வதற்கான முறைகளை விவரிப்பது அதன் நோக்கம். வர்ணனையோ வாதமோ இல்லாத அந்த வறண்ட நடைக் கட்டுரையை அந்நாளில் நிபுணர் வட்டத்துக்கு வெளியே எவரும் படித்திருக்க நியாயமில்லை. இருந்தும் முகப்பூச்சு, சலவைத் தூள், பூச்சிமருந்து, சுவர்ச்சாயம் என்று மனித உடம்பில் படக்கூடிய பொருள்களிற் பெரும்பாலானவை, அந்தப் பதினான்கு பக்கங்கள் காட்டிய வழியில் ஒரு முயலின் முதுகைக் கடந்த பிறகே சந்தைக்கு வருவது என்ற வழக்கம் அதிலிருந்து கிளம்பி, அரை நூற்றாண்டுக்கு மேல் உலகமெங்கும் வேரூன்றி நின்றது.

எந்த வஸ்து தோலைச் சுடும், எது சுடாது என்ற கேள்வி ட்ரெய்ஸுக்குப் பல நூற்றாண்டு மூத்தது. சுசுருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் க்ஷாரம் காய்ச்சும் விதிக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. சாம்பலிலிருந்து வடித்தெடுக்கும் காரத்தை மிருது, மத்திமம், தீக்ஷ்ணம் என மூன்றாகப் பகுத்து, புண்ணில் தடவியபின் நூறு எண்ணும் அளவு பொறுத்திருக்க வேண்டும் என்றும், எரிச்சல் மிஞ்சினால் புளிப்பான திரவங்களால் அதைத் தணிக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. நூல் அறியாத தொழிலாளிகளோ தங்கள் கைகளையே ஏடாகக் கொண்டு அந்த அறிவைச் சேர்த்தார்கள். பண்ணுருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள், ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல்களைப் பொசுக்கிக் கருக்கிவிடும் என்பதை எந்த ரசாயன சாஸ்திரியிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. விளக்கெண்ணெயையோ சாம்பலையோ கையில் தடவிக்கொண்டு உடைக்க உட்கார்ந்தார்கள். இப்படிப்பட்ட அறிவுக்கு ஒரு குறை உண்டு. ஒரு தொழிலில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் பொருளைப் பற்றி அது தவறாமல் சொல்லும். நேற்று ஆலையில் பிறந்த பொருளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலக்கரித் தாரிலிருந்து சாயங்களும் மருந்துகளும் வாசனைப் பொருள்களும் நூற்றுக்கணக்கில் பிறக்கத் தொடங்கியபோது, கையைக் கொடுத்துக் கற்பது என்பது மிகவும் விலை கூடிய கல்வியாகிவிட்டது.

தோலுக்கு நேரும் தீங்குகள் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. அவற்றைப் பிரித்தறியாவிட்டால் இந்தச் சரித்திரம் விளங்காது. எரிச்சலூட்டும் பொருள் பட்ட இடம் சிவக்கும், வீங்கும், சில நாளில் தானே தணிந்து பழைய நிலைக்கு வரும். அரித்தழிக்கும் பொருளோ மேல்தோலைத் துளைத்துக்கொண்டு அடித்தோல் வரை சென்று அங்கிருக்கும் உயிரணுக்களைக் கொன்றுவிடும். ஆறினாலும் வடு நிற்கும். திராவகங்கள் தோலின் புரதத்தை உறையவைத்து ஒரு பொருக்கை உண்டாக்குவதால், தம் வழியைத் தாமே ஓரளவு அடைத்துக்கொள்கின்றன. கடுங்காரங்கள் கொழுப்பைச் சவர்க்காரமாக்கி, புரதத்தைக் கரைத்து, வலி முழுவதும் தெரியவருமுன்பே ஆழத்தில் இறங்கிவிடுகின்றன. திராவகத்துக்கு அஞ்சுகிறவர்கள் காஸ்டிக் சோடாவை அலட்சியமாகக் கையாள்வதைக் காணும்போது, அச்சத்துக்கும் அபாயத்துக்கும் உள்ள பொருத்தமின்மை வியப்பளிக்கிறது.

மூன்றாவது தீங்கு ஒவ்வாமை. பொருள் வலிமையற்றதாக இருந்தாலும், ஒருவருடைய உடம்பு அதை முன்பே சந்தித்துப் பகை பாராட்டத் தொடங்கியிருந்தால், துளி பட்டாலும் தோல் கொந்தளிக்கும். பிரெஸ்லாவ் நகரத்து வைத்தியர் யோசெப் யாதாஸோன், பாதரசச் சிகிச்சையால் தோல் வெடித்த நோயாளி ஒருவருக்கு அதே பாதரசக் களிம்பைச் சிறிது இடத்தில் மட்டும் ஒட்டிப் பார்த்து இதை நிரூபித்து, 1895-இல் கிராட்ஸ் நகரில் கூடிய ஜெர்மானியத் தோல் வைத்தியர் மாநாட்டில் அறிவித்தார். இன்று தோல் வைத்தியர் முதுகில் சிறு சிறு ஒட்டுத்துணிகளை வைத்துச் செய்யும் பேட்ச் சோதனை அங்கிருந்து வந்தது. இரண்டாம் மகாயுத்தத்தில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிடரியில் காரணம் புரியாத கொப்புளங்கள் தோன்றின. விசாரித்தபோது, வண்ணார் துணிக்கு அடையாளக் குறி இடப் பயன்படுத்திய சேராங்கொட்டைச் சாறு சட்டைக் கழுத்துப்பட்டியிலிருந்து வேலை செய்திருந்தது தெரிந்தது. தங்கள் நாட்டில் ‘பாய்ஸன் ஐவி’ என்னும் கொடி உரசி ஒவ்வாமை கொண்டவர்களின் தோல், அதற்கு உறவான சேராங்கொட்டையையும் அடையாளம் கண்டுகொண்டது. இந்த மூன்று தீங்குகளுக்கும் மூன்று வேறு சோதனைகள் வேண்டும் என்ற தெளிவு சட்டம் இயற்றியவர்களுக்கு வெகுநாள் வரை வரவில்லை.

அமெரிக்காவின் 1906-ஆம் ஆண்டு உணவு மருந்துச் சட்டத்தில் அலங்காரப் பொருள்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த இடைவெளியில் தழைத்தவற்றுள் ஒன்று ‘லாஷ் லூர்’ என்ற இமைச்சாயம். இமையையும் புருவத்தையும் கறுக்கவைக்கும் அந்தச் சாயத்தில் நிலக்கரித் தார் வழிப்பட்ட பாரா-ஃபினைலீன்-டைஅமீன் இருந்தது. 1933-இல் அதைப் பூசிக்கொண்ட பெண்களிற் சிலர் கண் பார்வை இழந்தார்கள், ஒருவர் இறந்தும்போனார். அந்த ஆண்டிலேயே உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய பொருள்களையும், அவற்றால் சிதைந்த முகங்களின் புகைப்படங்களையும் ஒரு கண்காட்சியாகத் திரட்டியது. பத்திரிகைக்காரர்கள் அதற்குப் ‘பயங்கர மண்டபம்’ என்று பெயர் சூட்டினார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவியாரும் அதைச் சென்று பார்த்தார். ஆயினும் சட்டம் பிறக்க இது போதவில்லை. 1937-இல் ‘எலிக்ஸிர் சல்பனிலமைடு’ என்ற மருந்து நூறு பேருக்கு மேல், அவர்களிற் குழந்தைகள் பலரை, கொன்ற பிறகே 1938 ஜூனில் புதிய சட்டம் கையொப்பமாயிற்று. அச்சட்டத்தின் அதிகாரத்தால் முதன்முதல் கைப்பற்றப்பட்ட சரக்கு லாஷ் லூர். தலைச்சாய உற்பத்தியாளர்கள் மட்டும் ஒரு விலக்குப் பெற்றுக்கொண்டார்கள்: முன்னதாகத் தோலில் தடவிச் சோதித்துக்கொள்க, இமைக்கும் புருவத்துக்கும் பூசாதீர் என்று பெட்டியின் மேல் எச்சரித்துவிட்டால் போதும் என்பது. நம் ஊர்க் கடையில் விற்கும் தலைச்சாயப் பொட்டலத்தின் பின்புறத்தில் பொடி எழுத்தில் காணும் எச்சரிக்கையும் அந்த மரபைச் சேர்ந்ததே.

ட்ரெய்ஸ் அந்தச் சட்டம் பிறந்த மறுவருஷம் நிர்வாகத்தில் சேர்ந்தார். அதற்கு முன் வயோமிங் சர்வகலாசாலையில் ஆடுமாடுகளைக் கொல்லும் நச்சுச் செடிகளை ஆராய்ந்திருந்தார். பின்னர் ராணுவத்தின் வேலையாகக் கடுகு வாயு முதலிய யுத்த ரசாயனங்கள் உடம்பில் விளைவிக்கும் தீங்குகளை ஆராய்ந்திருந்தார். தோலைக் கொப்புளிக்கவைக்கும் ஆயுதத்தைக் கணக்கிட்ட அனுபவம் முகப்பவுடரின் பாதுகாப்பைக் கணக்கிடுவதற்கு வந்து சேர்ந்தது என்பதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த நாளில் இந்த விஷயம் தெரிந்தவர்கள் வேறு எங்கே இருந்திருப்பார்கள்?

அவர் வகுத்த முறையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். வெண்முயல்கள் ஆறு. அவற்றின் முதுகு மயிர் கத்தரிக்கப்படுகிறது. சில இடங்களில் தோலை அப்படியே விட்டு, சில இடங்களில் மேற்படலம் மட்டும் கிழியுமாறும் இரத்தம் கசியாதவாறும் மெல்லக் கீறுகிறார்கள். ஓர் அங்குலச் சதுரமான மெல்லிய துணியில், திரவமானால் 0.5 மில்லிலிட்டர், திடப்பொருளானால் 0.5 கிராம் வைத்து ஒட்டி, உடல் முழுவதையும் ரப்பர் பூசிய துணியால் சுற்றி, முயல் திரும்பி நக்கிவிடாதபடி சட்டத்தில் பூட்டி, 24 மணி நேரம் விடுகிறார்கள். துணியை எடுத்ததும் ஒரு முறை, 72-ஆம் மணியில் மறுமுறை, பரிசோதகர் குனிந்து பார்க்கிறார். சிவப்புக்கு 0 முதல் 4 வரை, வீக்கத்துக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் சிவப்பானால் 1. பீட்ரூட் நிறமாகக் கன்றிப் பொருக்குக் கட்டத் தொடங்கினால் 4. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி கண்டால் 8-க்கு மேற்படாத ஓர் எண் கிடைக்கும். 2-க்கு உட்பட்டால் மென்மையான எரிச்சல், 5 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

வெண்முயலைத் தேர்ந்ததற்குத் தத்துவார்த்தமான காரணம் எதுவும் இல்லை. வெள்ளைத் தோலில் சிவப்பு எளிதில் தெரியும், முதுகு அகலம், சாதுப் பிராணி, கடிக்காது, கத்தாது, விலையும் மலிவு. மனிதத் தோலைவிட முயலின் தோல் மெல்லியது, மயிர்க்கால் அடர்ந்தது, பொருள்களை எளிதில் உள்ளே விடுவது என்பவை அப்போதே தெரியாதவை அல்ல. கூடுதலாக எச்சரிக்கும் சோதனை குறைவாக எச்சரிப்பதைவிட நல்லது என்று அந்தக் குறையையே குணமாக்கிக்கொண்டார்கள். இதில் ஒரு விசித்திரமும் உண்டு: சட்டத்தைத் தூண்டிவிட்ட இமைச்சாய விபத்துகள் பெரும்பாலும் ஒவ்வாமை வகையைச் சேர்ந்தவை, முயலின் முதுகில் ஒரு முறை ஒட்டிப் பார்க்கும் எரிச்சல் சோதனை அவற்றைக் கண்டுபிடித்திருக்காது.

எண் ஒன்று கையில் கிடைத்தபின் சட்டம் அதை விடுவதில்லை. அமெரிக்காவில் 1960-ஆம் ஆண்டு அபாயப் பொருள் சட்டத்தின் கீழ் எழுந்த விதிகள், முயல் மதிப்பெண் 5 அல்லது அதற்கு மேற்பட்டால் எரிச்சலூட்டும் பொருள் என்று வரம்பு கட்டின. 1981-இல் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு தன் 404-ஆம் எண் வழிகாட்டியில் இதே சோதனையைச் சற்றுத் திருத்தி உலகப் பொதுவாக்கியது: ஒட்டும் நேரம் 24 மணியிலிருந்து 4 மணியாகக் குறைந்தது, கீறுவது நின்றது, புண் ஆறுகிறதா என்று 14 நாள் வரை காத்திருந்து பார்ப்பது சேர்ந்தது. ரசாயனங்களை ஏற்றிச் செல்லும் கப்பல்காரர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் அரிக்கும் பொருள்களைத் தரம் பிரிக்க வேண்டியிருந்ததால், 3 நிமிஷத்துக்குள் தோலை அழிப்பது முதல் தரம், 1 மணிக்குள் அழிப்பது இரண்டாம் தரம், 4 மணிக்குள் அழிப்பது மூன்றாம் தரம் என்று வகுத்தார்கள். பீப்பாயின் மேல், கையிலும் உலோகத்திலும் திரவம் சொட்டுவதுபோல ஒட்டியிருக்கும் படத்துக்குப் பின்னால் இந்த நிமிஷக் கணக்கு இருக்கிறது.

முயல்கள் மட்டுமே இந்தச் சரித்திரத்தில் விலை கொடுத்தன என்று எண்ணிவிடக் கூடாது. ஃபிலடெல்பியா நகரத்து ஹோம்ஸ்பர்க் சிறைச்சாலையில் 1951 முதல் 1974 வரை, பென்சில்வேனியா சர்வகலாசாலையின் தோல் வைத்திய நிபுணர் ஆல்பர்ட் க்ளிக்மனின் மேற்பார்வையில், கைதிகளின் முதுகுகள் சோதனைக் களமாயின. பெரும்பாலோர் கறுப்பு இனத்தவர். பலர் தண்டனை பெற்றவர்கள்கூட அல்லர், ஜாமீனுக்குப் பணமில்லாமல் விசாரணைக்காகக் காத்திருந்தவர்கள். சோப்பு, முகப்பூச்சு, தலைமுடித் திரவம் முதலியவை சதுரம் சதுரமாக ஒட்டப்பட்டன. சில டாலர்கள் கூலியாகக் கொடுக்கப்பட்டன. டௌ கெமிக்கல் கம்பெனிக்காக டயாக்ஸின் என்ற கொடிய நச்சும் கைதிகளின் தோலில் பூசப்பட்டது. தோல் சாஸ்திரம் இன்றும் கையாளும் சோதனை நுட்பங்கள் பல அங்கே பிறந்தன என்பதையும் மறைக்க முடியாது. அதுவே இந்த அத்தியாயத்தை இன்னும் கசப்பாக்குகிறது. ஆலன் ஹார்ன்ப்ளம் 1998-இல் எழுதிய நூல் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. சர்வகலாசாலையின் மருத்துவப் பிரிவு 2021-இலும், நகர ஆட்சி 2022-இலும் மன்னிப்புக் கோரின. முகச்சுருக்கம் நீக்கும் ஒரு களிம்பினால் அச்சோதனைகளோடு தொடர்புடையவர்களுக்குக் கிடைத்த பொருளையும், கைதிகளுக்குக் கிடைத்த கூலியையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள், அந்த மன்னிப்பு எவ்வளவு தாமதமாக வந்தது என்று தாமே அளந்துகொள்ளலாம்.

முயல் சோதனையின் அஸ்திவாரத்தை அசைத்தவர்கள் முதலில் ஜீவகாருண்யக்காரர்கள் அல்லர். சோதனையைத் தொழிலாகச் செய்தவர்களே. கரோல் வைல், ராபர்ட் ஸ்காலா என்ற இரு நச்சியல் நிபுணர்கள் இருபதுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிசாலைகளுக்கு ஒரே பொருள்களை அனுப்பி, ஒரே முறையில் சோதித்து மதிப்பெண் இடச் சொல்லி, முடிவுகளை 1971-இல் வெளியிட்டார்கள். ஓரிடத்தில் கடுமையான எரிச்சலூட்டி என்று தீர்ப்புப் பெற்ற பொருள் மற்றோரிடத்தில் சாதுவாகத் தேறியது. ஒரே விடைத்தாளைப் பல வாத்தியார்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னால் என்ன ஆகும் என்று அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. கண்ணால் பார்த்துச் சொன்ன அபிப்பிராயம் எண்ணின் வேஷம் தரித்தவுடன் அளவை என்று மதிக்கப்பட்டுவிட்டது. மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசம் தோலில் மட்டும் இல்லை, பார்த்தவரிடமும் இருந்தது. இனி எழுதும் விதிகளில் இம்முறையைப் பிரமாணமாகச் சேர்க்க வேண்டாம் என்று அவ்விருவரும் சிபாரிசு செய்தார்கள். விதி எழுதுவோர் பத்தாண்டு கழித்து அதையே உலகப் பிரமாணமாக்கினார்கள் என்பதை மேலே கண்டோம்.

அந்த அசட்டையை உடைத்தவர் நியூயார்க் பள்ளி ஆசிரியர் ஹென்றி ஸ்பைரா. முன்னாளில் கப்பல் தொழிலாளியாக இருந்தவர். 1980 ஏப்ரல் 15-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, அழகின் பெயரால் எத்தனை முயல்களைக் குருடாக்குகிறீர்கள் என்று ரெவ்லான் கம்பெனியை ஊரறியக் கேட்டார். அவர் குறிவைத்தது ட்ரெய்ஸின் கண் சோதனையை. ஆனால் கண்ணுக்கும் தோலுக்கும் கட்டுரை ஒன்றே, முயலும் ஒன்றே. கம்பெனியைத் திட்டித் தீர்ப்பதோடு அவர் நிற்கவில்லை. மாற்று முறை காண்பதற்குப் பணம் கொடுங்கள் என்று கேட்டார் என்பதில்தான் அவருடைய சாமர்த்தியம் இருக்கிறது. அந்த ஆண்டு முடிவதற்குள் ரெவ்லான் 7,50,000 டாலரை ராக்ஃபெல்லர் சர்வகலாசாலைக்கு அளித்தது. மறுவருஷம் அலங்காரப் பொருள் உற்பத்தியாளர்களின் பணத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் மாற்று முறைகளுக்கென ஒரு நிலையம் எழுந்தது. பிராணிகளுக்கு மாற்று, எண்ணிக்கைக் குறைப்பு, வேதனைக் குறைப்பு என்ற மூன்று நெறிகளை ரஸ்ஸல், பர்ச் என்ற ஆங்கிலேயர்கள் இருவர் 1959-இலேயே ஒரு நூலாக எழுதிவைத்திருந்தும், அது அலமாரியிலிருந்து இறங்க இந்த விளம்பரக் கூச்சல் தேவையாயிற்று.

மாற்று வந்தது, எதிர்பாராத திசையிலிருந்து. மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹவார்ட் கிரீனும் ஜேம்ஸ் ரைன்வால்டும் மனிதனின் மேல்தோல் செல்களைக் கண்ணாடித் தட்டில் பெருகவைக்கும் வித்தையை 1975-இல் கண்டார்கள். தீக்காயம் பட்டவர்களுக்கு ஒட்டுத்தோல் ஆக்குவதற்கே அது முதலில் பயன்பட்டது. அதே செல்களைக் கீழே ஊட்ட நீரும் மேலே காற்றும் படுமாறு வளர்த்தால், அவை அடுக்கடுக்காக ஏறி, உச்சியில் கொம்புப் படலத்தையும் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. அறுவைச் சிகிச்சையில் நீக்கப்பட்டு எறியப்படவிருந்த தோலே விதை. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் ஆக்கப்படும் ‘எபிஸ்கின்’ அவ்விதமானது. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வட்டத் தோல். அதன் மேல் சோதனைப் பொருள் 10 மைக்ரோலிட்டர் விட்டு, 15 நிமிஷம் கழித்துக் கழுவி, 42 மணி நேரம் வைத்திருந்து, எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயக் கரைசலில் இடுகிறார்கள். உயிரோடிருக்கும் செல்கள் மஞ்சளை ஊதாவாக மாற்றும், மாண்டவை மாற்றா. ஊதாவைக் கரைத்தெடுத்து ஒளிமானியில் அளக்கிறார்கள். பொருள் படாத தோலோடு ஒப்பிடுகையில் ஊதா பாதிக்கு மேல் இருந்தால் தேறியது. பாதியோ அதற்குக் குறைவோ என்றால் எரிச்சலூட்டி. சோதனைப் பொருளே செல்லின் உதவியில்லாமல் மஞ்சளை ஊதாவாக்கி ஏமாற்றக்கூடும் என்பதால், கொல்லப்பட்ட தோல் ஒன்றிலும் அதே பொருளை இட்டுப் பார்த்துக் கழித்துவிடுகிறார்கள். பரிசோதகர் குனிந்து பார்த்துச் சொல்லும் இடம் இதில் இல்லை.

ஐரோப்பிய சமூகம் 1991-இல் இதற்கென்று ஒரு நிலையம் ஏற்படுத்தி, இத்தாலியில் இஸ்ப்ரா என்ற ஊரில் அமைத்து, ஒவ்வொரு மாற்று முறையையும் பல ஆராய்ச்சிசாலைகளில் ஓட்டிப் பார்த்தது. அரித்தழிக்கும் பொருள்களைக் கண்டறிவது எளிதாகத் தேறி, 2004-இல் 431-ஆம் எண் வழிகாட்டியாயிற்று. மெல்லிய எரிச்சலைக் கண்டறிவது கடினமாதலால் 439-ஆம் எண் வழிகாட்டி 2010-இலேதான் வந்தது. ஐரோப்பாவில் 2013-ஆம் ஆண்டோடு பிராணிகளிடம் சோதித்த அலங்காரப் பொருள்களை விற்பது முற்றிலும் தடையாயிற்று. இந்தியா 2014-இல் அலங்காரப் பொருள்களுக்குப் பிராணிச் சோதனையையும், அவ்விதம் சோதித்தவற்றின் இறக்குமதியையும் விலக்கியது. பூச்சிமருந்து முதலிய மற்றத் துறைகளுக்கு அந்த விலக்கு பொருந்தாது. உலகப் புத்தகத்தில் 404-ஆம் எண்ணும் இன்னும் அழிக்கப்படவில்லை, வேறு வழிகளெல்லாம் பார்த்தபின் கடைசியாகவே முயலைத் தொடு என்ற முன்னுரையோடு அது நிற்கிறது.

புதிய முறைகள் தேறியது எதனோடு ஒத்துப்பார்த்து என்று கேட்டால், முயலோடுதான். பல்லாண்டாகச் சேர்ந்த முயல் மதிப்பெண்களே உண்மை என்று வைத்துக்கொண்டு, முயல் எரிச்சலூட்டி என்று சொன்னவற்றுள் நூற்றுக்கு 80-ஐயாவது கண்ணாடித் தட்டுத் தோலும் அவ்வாறே சொல்ல வேண்டும் என்று விதித்தார்கள். அந்த முயலைச் சரிபார்க்க மனிதத் தொண்டர்களின் சம்மதத்தோடு 4 மணி நேர ஒட்டுச் சோதனை செய்த ஆய்வொன்று 2010-இல் வெளியாயிற்று: முயலில் எரிச்சலூட்டி என்று பெயர் வாங்கிய 16 பொருள்களில் மனிதத் தோலைக் குறிப்பிடத்தக்க அளவு எரியவைத்தவை 5. அப்படியானால் தட்டில் வளர்ந்த மனிதத் தோல் முயலோடு முரண்படும் ஒவ்வொரு தடவையும் தவறு யாருடையது என்பது இன்னும் திறந்த கேள்வி. கணக்குப் புத்தகத்தில் மட்டும் அது தட்டுத் தோலின் பிழையாகவே பதிவாகிறது.